ரப்பர் பேண்டும் வெள்ளைக் கரடியும்

கேள்வி: "நம் வாழ்க்கைக்கு நாம்தான் பொறுப்பு, எண்ணங்களை அடக்கினால் வாழ்க்கை கைக்குள் வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எட்டு மாதத்துக்கு முன்னால், பாகப்பிரிவினைப் பேச்சில், அண்ணன் சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும் என்னை அசிங்கப்படுத்திப் பேசிவிட்டார். கிணற்றுப் பங்கு விஷயம் இன்னும் முடியவில்லை. இரவில் படுத்தால் அதே நினைப்பு. சில நேரம், அவருக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாதா என்றுகூடத் தோன்றுகிறது. அப்புறம் என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. கையில் ரப்பர் பேண்ட் மாட்டிக்கொண்டு, நினைப்பு வரும்போதெல்லாம் சுண்டிவிடச் சொன்னார் ஒருவர். மூன்று மாதமாகச் செய்கிறேன். குறையவில்லை, கூடியிருக்கிறது. நான் மனவலிமை இல்லாதவனா?"

இல்லை. கூடியதுதான் இயல்பு. மூன்று மாதம் விடாமல் ஒரு காரியத்தைச் செய்திருக்கிறீர்களே, அதற்கே வலிமை வேண்டும். செய்த காரியம்தான் தப்பு. அந்த ரப்பர் பேண்ட் வைத்தியத்தை ஒருகாலத்தில் மனநலச் சிகிச்சையாளர்களே சொல்லிக் கொடுத்தார்கள் என்பதால், சொன்னவர் மேலும் கோபப்பட வேண்டாம்.

ஏன் கூடியது என்பதற்கு ஒரு பழைய பரிசோதனை இருக்கிறது. 1987இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் கல்லூரி மாணவர்களை ஒவ்வொருவராக ஓர் அறையில் உட்காரவைத்தார்கள். ஐந்து நிமிடம், மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நிபந்தனை ஒன்றுதான்: வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது. நினைத்துவிட்டால் எதிரே இருக்கும் மணியை அடிக்க வேண்டும். சராசரியாக நிமிடத்துக்கு ஒரு தடவைக்கு மேலேயே மணி அடித்தது. அடுத்த ஐந்து நிமிடம், சரி, இப்போது கரடியைத் தாராளமாக நினைக்கலாம் என்றார்கள். ஆரம்பத்திலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட, முதலில் அடக்கச் சொல்லப்பட்டவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது. அடக்கி வைத்தது, விட்டதும் பாய்ந்து வந்தது.

சில வருடம் கழித்து, 1994இல், வெக்னர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். ஒன்றை நினைக்கக் கூடாது என்று முடிவெடுத்தவுடன் மனம் இரண்டு வேலைகளை ஆரம்பிக்கிறது. ஒரு பகுதி, நினைப்பதற்கு வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறது. அது முயற்சி எடுத்துச் செய்ய வேண்டிய வேலை. இன்னொரு பகுதி, "அது வந்துவிட்டதா, வந்துவிட்டதா" என்று சத்தமில்லாமல் காவல் காக்கிறது. திருடன் வருகிறானா என்று பார்க்க உட்கார்ந்திருக்கும் காவல்காரனுக்குத் திருடனின் முகம் மறக்கக் கூடாது அல்லவா? அதனால் அந்தப் பகுதியிடம் கரடியின் படம் எப்போதும் இருக்கிறது. உடம்பும் மனமும் களைத்துப்போனால் முதலில் படுப்பது தேடுகிற ஆள். காவல்காரன் மட்டும் விழித்திருப்பான். பகலில் ஓரளவு சமாளித்துவிட்டு, இரவு படுத்ததும் அண்ணன் வந்து நிற்பது இதனால்தான். உங்கள் மணிக்கட்டில் இருப்பது அந்த மாணவர்களுக்குக் கொடுத்த மணியின் இன்னொரு வடிவம். ஒவ்வொரு சுண்டலும் "அண்ணன் வந்துவிட்டார்" என்ற அறிவிப்பு.

கரடியின் வாயைக் கூடக் கட்டிவிடலாம், சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பதுதான் அரிது என்று தாயுமானவர் பாடி எத்தனையோ காலமாகிறது. அவரும் கரடியைத்தான் பிடித்தார் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

இப்போது பொறுப்பு என்ற விஷயத்துக்கு வருவோம். உங்களைக் குழப்பியிருப்பது அந்தச் சொல்தான் என்று நினைக்கிறேன். "என் வாழ்க்கைக்கு நான் பொறுப்பு" என்பதை "என் மனதில் வரும் ஒவ்வொரு எண்ணத்துக்கும் நான் பொறுப்பு" என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றல்ல. பொறுப்பைப் பற்றிப் பேசிப் பெயர்பெற்ற பழைய கிரேக்கத் தத்துவ ஆசிரியர் எபிக்டெட்டஸே இரண்டையும் ஒன்று என்று சொல்லவில்லை.

எபிக்டெட்டஸ் ரோமாபுரியில் அடிமையாக இருந்து விடுதலையானவர், ஒரு கால் ஊனம். மனிதரைக் கலங்கவைப்பது நடந்த நிகழ்ச்சி அல்ல, அதைப் பற்றி அவர்கள் கொள்ளும் கருத்தே என்ற அவருடைய வாக்கியத்தைத்தான் இன்றைய தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் தெரிந்தோ தெரியாமலோ திரும்பச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுகிற கதை ஒன்று இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஆலஸ் ஜெல்லியஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் கிரேக்கத்திலிருந்து இத்தாலிக்குக் கப்பலில் போனார். கடும் புயல். கப்பலில் எபிக்டெட்டஸின் வழியைப் பின்பற்றும் பேர்பெற்ற தத்துவ ஆசிரியர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அழுது புலம்பிக்கொண்டிருக்க, இவர் என்ன செய்கிறார் என்று ஜெல்லியஸ் திரும்பிப் பார்த்தார். அவர் அழவில்லை, கத்தவில்லை. ஆனால் முகம் வெளுத்துப்போயிருந்தது, மற்றவர்கள் முகத்தைப் போலவே.

புயல் ஓய்ந்ததும், கூட வந்த ஒரு பணக்காரர் கிண்டலாக ஆரம்பித்தார்: என்ன தத்துவக்காரரே, நீங்கள் பயந்து வெளுத்தீர்கள், நான் அசையவில்லையே? ஆசிரியர் விடவில்லை. உம்மைப் போன்றவரின் உயிர் போனால் யாருக்கு நஷ்டம், அதனால்தான் உமக்குக் கவலையில்லை என்கிற பொருளில், முன்னோர் ஒருவர் சொன்ன பதிலையே எடுத்துவிட்டார். பிறகு ஜெல்லியஸ் தனியாக, மரியாதையாகக் கேட்டபோதுதான், தன் மூட்டையிலிருந்து எபிக்டெட்டஸின் உரைகளில் ஐந்தாம் நூலை எடுத்துக் காட்டினார். அந்த நூல் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. முதல் நான்குதான் மிஞ்சியிருக்கின்றன. அதில் இருந்த விஷயம் இது: திடீரென்று பெரிய சத்தம், இடிபாடு, ஆபத்துச் செய்தி வந்தால் ஞானியின் மனமும் ஒரு கணம் அதிரத்தான் செய்யும், முகம் வெளுக்கத்தான் செய்யும். அறிவு எழுந்து வருவதற்கு முன்னாலேயே நடந்துவிடுகிற அசைவு அது. அதில் யாருக்கும் அதிகாரம் கிடையாது. ஞானிக்கும் மற்றவனுக்கும் வித்தியாசம் அடுத்த நொடியில்தான். மற்றவன் அந்த முதல் தோற்றத்துக்கு "ஆமாம், அப்படித்தான்" என்று ஒப்புதல் கொடுத்துவிடுகிறான். ஞானி கொடுப்பதில்லை.

ஒப்புதல் என்பதுதான் இங்கே முக்கியமான சொல். வாசலில் யார் வந்து கதவைத் தட்டுகிறார்கள் என்பது நம் கையில் இல்லை. கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி போட்டுக் கொடுப்பது நம் கையில் இருக்கிறது. பொறுப்பு அந்தக் காபியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

அண்ணனுக்கு ஏதாவது ஆகட்டும் என்று தோன்றுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை எழுதவே உங்களுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். 1978இல் லண்டனில் ஸ்டான்லி ரக்மேன், பத்மல் டி சில்வா என்ற இரண்டு உளவியலாளர்கள், எந்த மனநோயும் இல்லாத சாதாரண ஆட்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: வேண்டாத, அருவருப்பான எண்ணங்கள் தானாக உங்களுக்கு வருவதுண்டா? ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் உண்டு என்றார்கள். நெருங்கியவர்களுக்குக் கேடு வருவது போன்ற எண்ணங்களும் அவற்றில் இருந்தன. வேண்டாத எண்ணமே திரும்பத் திரும்ப வந்து வதைக்கும் எண்ணச்சுழல் நோய்க்குச் (OCD) சிகிச்சை பெறுபவர்களின் எண்ணங்களையும் இவர்களின் எண்ணங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உள்ளடக்கத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நோயாளிகளுக்கு அடிக்கடி வந்தது, நீண்ட நேரம் இருந்தது, அதிகம் வதைத்தது, உதறிவிட முடியவில்லை. ஆகவே, அப்படி ஓர் எண்ணம் வந்ததாலேயே நீங்கள் கெட்டவர் ஆகிவிடவில்லை. ஐந்தில் நால்வர் கூட்டத்தில் நீங்களும் ஒருவர், நானும் ஒருவன்.

தானாக வந்த முதல் எண்ணத்துக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டால் இரண்டாவது எண்ணம் எப்படி முளைக்கிறது என்பதற்கு என் கதையையே சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில், மாலை கிளம்பும்போது மேலதிகாரி, "நாளைக்குக் காலையில வந்ததும் என்னைப் பாருங்க" என்றார். அவ்வளவுதான். பஸ் ஏறும்போது முதல் எண்ணம்: என்னமோ தப்பு நடந்திருக்கிறது. இறங்குவதற்குள், போன மாதம் கணக்கில் விட்ட பிழை தெரிந்துவிட்டது என்று முடிவாகிவிட்டது. சாப்பிடும்போது இடமாற்றம். படுக்கும்போது வேலை போய்விட்டது. நள்ளிரவில் வீட்டுக்கடன் தவணைக்கு மனைவியின் எந்த நகையை வைப்பது என்று வரிசை போட்டுக்கொண்டிருந்தேன். காலையில் போய் நின்றேன். அவர் பெண்ணுக்கு எங்கள் ஊர்ப் பக்கம் வரன் வந்திருக்கிறதாம், குடும்பம் எப்படி என்று விசாரித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

அந்த இரவில் வந்த எண்ணங்களில் முதல் ஒன்று மட்டும்தான் தானாக வந்தது. மற்றதெல்லாம் நான் செங்கல் செங்கலாக எடுத்துவைத்துக் கட்டியது.

ஆரோன் பெக் என்ற மருத்துவர் 1960ஐ ஒட்டிய வருடங்களில் பிலடெல்பியாவில் கவனித்ததும் இதைத்தான். அவரிடம் ஒரு பெண் மனதில் தோன்றுவதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார், கூடவே பதற்றமும் இருந்தது. சொல்லும் விஷயத்தால் வந்த பதற்றம் என்று பெக் முதலில் நினைத்தார். விசாரித்தால், "நான் பேசுவது இவருக்குச் சலிப்பாக இருக்கிறது" என்ற எண்ணம் அடியில் இன்னொரு நீரோட்டமாக ஓடிக்கொண்டிருந்ததாம். பேச்சுக்கு அடியில் வேகமாக ஓடும், நாமே கவனிக்காத, கேள்வி கேட்காமல் நம்பிவிடுகிற இந்த வரிகளுக்குத் தானியங்கி எண்ணங்கள் என்று பெயர் வைத்தார். அவற்றைப் பிடித்துத் தாளில் எழுதி, "இதற்கு என்ன ஆதாரம், வேறு விளக்கம் இருக்க முடியாதா" என்று கேட்கப் பழக்குவதுதான் அவர் உருவாக்கிய சிகிச்சையின் நடு நரம்பு. பெக் நூறு வயது வாழ்ந்து 2021இல் காலமானார். அவர் எண்ணத்தை அடக்கச் சொல்லவில்லை, விசாரிக்கச் சொன்னார். அடக்கினால் அது குற்றவாளி மாதிரி ஓடி ஒளிகிறது. விசாரித்தால் சாட்சி மாதிரி வந்து நிற்கிறது, பாதி நேரம் பொய்ச்சாட்சியாகவும் இருக்கிறது.

உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. அண்ணன் பேசியது கற்பனை அல்ல, நிஜமாகவே நடந்தது. "ஆதாரம் என்ன" என்று கேட்டால் பத்துச் சொந்தக்காரர்கள் சாட்சி. ஆகவே அந்தக் காட்சியை விசாரிக்க வேண்டாம். அதன் அடியில் ஓடும் வரியைத் தேடுங்கள். "எல்லோரும் என்னைக் கையாலாகாதவன் என்று நினைக்கிறார்கள்", "அன்றைக்கு நான் பதிலுக்குப் பேசியிருக்க வேண்டும்" என்கிற மாதிரி ஏதோ ஒன்று இருக்கும். எட்டு மாதமாக உங்களைத் தூங்கவிடாதது அதுவாக இருக்கலாம். எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

மாடு தின்றதைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து மெல்வதுபோல, நடந்ததையே திரும்பத் திரும்ப எடுத்து அசைபோடுவது என்ன செய்யும் என்பதற்கு எதிர்பாராமல் ஒரு சான்று கிடைத்தது. 1989 அக்டோபரில் சான்பிரான்சிஸ்கோ பக்கம் பெரிய நிலநடுக்கம். அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் சூசன் நோலன் ஹோக்செமா என்ற உளவியலாளர், அங்கே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களின் மனநிலையையும் கவலை வந்தால் அவர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் கேட்டுப் பதிவு செய்திருந்தார். நிலநடுக்கத்துக்குப் பின் மறுபடி கேட்டார். நடந்தது எல்லோருக்கும் ஒன்றுதான். ஏற்கெனவே அசைபோடும் வழக்கம் உள்ளவர்கள்தான் கூடுதலாக மனச்சோர்வில் விழுந்திருந்தார்கள்.

சரி, அடக்கவும் கூடாது, அசைபோடவும் கூடாது என்றால் என்னதான் செய்வது? மறுபடி கரடியிடம் போகலாம். வெக்னர் இன்னொரு தடவை செய்தபோது, கரடி நினைப்பு வந்தால் அதற்குப் பதிலாகச் சிவப்பு ஃபோக்ஸ்வேகன் காரை நினையுங்கள் என்று சொல்லிப் பார்த்தார். அடக்கியது பின்னால் பாய்ந்து வருவது குறைந்தது. மனதுக்கு "போகாதே" என்ற கட்டளை புரிவதில்லை, "இங்கே வா" என்பது புரிகிறது.

முன்னே சொன்ன பத்மல் டி சில்வா இலங்கையில் பிறந்தவர். பழைய பௌத்த நூல்களில் சொல்லியிருக்கும் எண்ண அடக்க முறைகளை இன்றைய சிகிச்சைகளோடு ஒப்பிட்டு எழுதியவர். பாலி மொழியில், வேண்டாத எண்ணம் வந்தால் பிக்கு என்ன செய்ய வேண்டும் என்று புத்தர் ஐந்து வழிகளை வரிசையாகச் சொல்லும் ஓர் உரை உண்டு. முதல் வழி: தச்சன் பெரிய ஆப்பைச் சின்ன ஆப்பு வைத்து அடித்து வெளியேற்றுவதுபோல, நல்ல எண்ணம் ஒன்றை வைத்துக் கெட்டதைத் தள்ளுவது. சிவப்புக் கார்தான் அந்தச் சின்ன ஆப்பு. அது பலிக்காவிட்டால் அந்த எண்ணத்தால் வரும் கேட்டை நினைத்துப் பார்ப்பது. அதுவும் ஆகாவிட்டால் பார்க்க விரும்பாதவன் கண்ணைத் திருப்பிக்கொள்வதுபோலக் கவனிக்காமல் விடுவது. நாலாவதற்குச் சொல்லும் உவமை எனக்கு ரொம்பப் பிடித்தது: வேகமாக நடக்கிறவன் "ஏன் வேகமாக நடக்கிறேன், மெல்ல நடக்கலாமே" என்று மெல்ல நடக்கிறான், "ஏன் நடக்கிறேன், நிற்கலாமே" என்று நிற்கிறான், பிறகு உட்காருகிறான், படுக்கிறான். அப்படி எண்ணத்தின் வேகத்தைப் படிப்படியாகத் தணிப்பது. இந்த நாலும் தோற்ற பிறகுதான் ஐந்தாவது, பல்லைக் கடித்துக்கொண்டு மனதால் மனதை நசுக்குவது. நாம் பெரும்பாலும் ஐந்தாவதில் ஆரம்பிக்கிறோம். ரப்பர் பேண்ட் அந்த ஐந்தாவதுதான்.

இரவுக்கு மட்டும் ஒரு தனி ஏற்பாடு சொல்கிறேன். 1980களில் தாமஸ் போர்க்கோவெக் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழுவினர் ஓயாமல் கவலைப்படுகிறவர்களிடம் செய்து பார்த்தது. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அரை மணி நேரம் கவலைப்படுவதற்கென்றே ஒதுக்க வேண்டும். மற்ற நேரத்தில் நினைப்பு வந்தால் விரட்டக் கூடாது, "ஆறு மணிக்கு வா, பேசிக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட வேண்டும். ஆறு மணிக்கு உண்மையாகவே உட்கார வேண்டும், ஏமாற்றக் கூடாது. படுக்கையை மட்டும் அந்த இடமாக வைக்காதீர்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். நானும் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தேன். மூன்றாவது வாரம், குறித்த நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்தால் நினைக்க ஒன்றும் இல்லாமல் பக்கத்து வீட்டு ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு பக்கம் போய் விழுந்துவிடாதீர்கள். கெட்டதை நினைக்காதே என்பவர்கள் அடுத்ததாக, நல்லதையே நினை, அண்ணன் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்பதாகக் கண்ணை மூடிப் பார், அது நடக்கும் என்பார்கள். கேப்ரியல் ஓட்டிங்கன் என்ற ஜெர்மன் உளவியலாளர், உடல் எடை குறைக்கும் திட்டத்தில் சேர்ந்திருந்த பெண்களை வைத்து இதைப் பார்த்திருக்கிறார், 1991இல் வெளிவந்தது. தன்னால் குறைக்க முடியும் என்று நம்பியவர்கள் நன்றாகக் குறைத்தார்கள். ஆனால் மெலிந்த உடம்போடு வலம்வருவதாக இனிய கனவுகள் கண்டவர்கள், அவ்வளவு இனிமையாகக் கனவு காணாதவர்களைவிடக் குறைவாகவே எடை குறைத்தார்கள். கனவிலேயே காரியம் முடிந்துவிட்டால் உடம்பு எதற்கு எழுந்து நடக்கப்போகிறது? அந்தப் பெண்களுக்கு நம்பிக்கை உதவியது, பகற்கனவு உதவவில்லை. மேடைகளில் இரண்டையும் ஒரே பொட்டலத்தில் கட்டி விற்கிறார்கள்.

எனக்கு இந்த வியாபாரத்தின் மேல் இருக்கும் பெரிய கோபம் வேறு. எல்லாமே எண்ணத்தால்தான் என்று சொல்லிவிட்டால், சம்பளம் தராத முதலாளி தப்பிவிடுகிறான், அடிக்கிற கணவன் தப்பிவிடுகிறான், புற்றுநோய் வந்தவர் தன் மனதைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்ற பழியும் சேர்ந்துகொள்கிறது. எபிக்டெட்டஸ் அப்படிச் சொல்லவில்லை. நம் வசம் உள்ளது, நம் வசம் இல்லாதது என்று இரண்டாகப் பிரிப்பதில்தான் அவர் பாடமே தொடங்குகிறது. அண்ணன் பேசிய பேச்சுக்கு அண்ணன்தான் பொறுப்பு. அதை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அண்ணனுக்குக் கேடு நினைக்கும் எண்ணம் ஒரு திட்டமாக மாறுவதுபோல் இருந்தாலோ, உயிரை விட்டுவிடலாம் என்று உங்களைப் பற்றியே தோன்றினாலோ, வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் போனாலோ, திண்ணையும் ஆறு மணியும் போதாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசி எண் 14416, கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.

அந்த நிலை இல்லை என்றால், உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப்போன ஒரு வரிக்கு வருகிறேன். "கிணற்றுப் பங்கு விஷயம் இன்னும் முடியவில்லை" என்கிறீர்கள். மூன்று மாதமாக எண்ணத்தோடு போராடியதில், நிஜத்தில் செய்ய வேண்டிய வேலை அப்படியே கிடக்கிறது. அது கிடக்கும்வரை அந்த எண்ணம் வரத்தான் செய்யும். வட்டி கேட்டு வருகிறவரைத் திட்டி என்ன பயன், கடன் நிற்கிறதே. சின்ன ஆப்பாக வைக்க இதைவிடப் பொருத்தமான நினைப்பு உங்களுக்குக் கிடைக்காது. இரவில் அண்ணன் முகம் வந்தால், "அவர் பேசியதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம்" என்ற இடத்துக்குப் போகாமல், "தண்ணீர் முறை வாரத்துக்கு எத்தனை நாள் கேட்பது" என்ற இடத்துக்கு மனதைக் கூட்டிப்போங்கள். இரண்டும் அண்ணனைப் பற்றிய நினைப்புதான். முதலாவதற்கு முடிவு கிடையாது, இரண்டாவதற்கு உண்டு.

எப்போது, எங்கே, எப்படி என்று முன்கூட்டியே முடிவு செய்துவைத்த காரியம்தான் நடக்கும். "சீக்கிரம் பேச வேண்டும்" என்பதெல்லாம் நடக்காது. ஆகவே இந்த ஞாயிறு காலை, டீ குடித்து முடித்ததும், இருவருக்கும் வேண்டிய மாமாவோ சித்தப்பாவோ ஒருவருக்குப் போன் செய்து, நடுவில் உட்கார முடியுமா என்று கேளுங்கள். அண்ணனிடம் நேரடியாகப் பேசுவது அதற்கு அடுத்த படி. அதற்கு முன் பழைய பத்திர நகல், பட்டா, வில்லங்கச் சான்று, மின் இணைப்பு யார் பேரில் இருக்கிறது என்பதற்கான ரசீது, எல்லாவற்றையும் எடுத்து ஒன்றாகச் சேர்த்துவையுங்கள். கட்டிவைக்க ரப்பர் பேண்ட் உங்கள் கையிலேயே இருக்கிறது.